ஏலக்காரியின் கூடை

பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. மீன் ஏலக் கொட்டகையில் அவள் வெண்கலக்கா. தொண்டை அப்படி. "மூணு தரம்" என்று அவள் சொல்லிவிட்டால் எந்தக் கொம்பன் வந்தாலும் விலை மாறாது. ஆனால் ஏலக்காரி தன் வீட்டுக் கூடைக்குத் தானே கூவக் கூடாது. கொட்டகைச் சட்டம் அது. புருஷன் பிடித்துவரும் மீனுக்கு, வேறு வீட்டில் வாழ்க்கைப்பட்ட அவளுடைய நாத்தனார் கூவுவாள். அதுவரை இவள் வாசலில் போய் நிற்பாள்.

அன்று கொட்டகையைக் கழுவி நாற்காலி போட்டிருந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கத்துப் பெரிய நாட்டிலிருந்து அதிகாரி வந்திருந்தார். வரப்போகும் வாக்கெடுப்பில் இந்தத் தீவு அவர்களோடு சேரச் சம்மதித்தால் தலைக்கு ஒரு லட்சம் என்றார். கூரை அதிர்ந்தது.

"புது என்ஜின் வாங்கிடலாம்டி!" புருஷன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். மாதக்கணக்கில் அவன் படகு கரையில் கிடந்தது. அவளுக்கும் கால் தரையில் பாவவில்லை. ஒரு விலை காதில் விழுந்தால் அடுத்ததைக் கேட்காமல் அந்த வாய் இருந்ததும் இல்லை.

"ஒரு லட்சம்! ஒரு லட்சம்! அதுக்கு மேல?"

சிரிப்பு வெடித்தது. அதிகாரியும் சிரித்தார். பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து ஏதோ கேட்டுவிட்டு, "ஒன்றரை" என்றார்.

"என்னங்க சார், கருவாட்டு விலை சொல்றீங்க? கடலோட சேத்துல்ல கேக்குறீங்க!"

"விடாதக்கா!"

"ரெண்டு."

ரெண்டு மூன்றானது. யாரோ காலிப் பெட்டியில் தாளம் போட்டார்கள். அவள் இன்னொரு பெட்டிமேல் ஏறிவிட்டாள். வாழ்நாளில் இப்படியொரு ஏலம் அவள் விட்டதில்லை.

"மூணு லட்சம் ஒரு தரம்! மூணு லட்சம் ரெண்டு தரம்!"

கடைசித் தரத்துக்கு முன் கூடைக்காரன் தலையசைக்க வேண்டும். வழக்கம்போல் அந்த முகத்தைத் தேடினாள். எதிரே எல்லாத் தலையும் ஆடியது. கர்ப்பிணி மகள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்டினாள். அதிகாரி நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சேரலாமா வேண்டாமா என்று அங்கே ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எவ்வளவு என்றுதான் பேச்சு. தொடங்கிவைத்தது அவள் வாய்.

"சொல்லுடி!" என்றான் புருஷன்.

"மாட்டேன். இது நம்ம வீட்டுக் கூடை."

"எல்லார் வீட்டுக் கூடையும்தான்!"

"அதத்தான் நானும் சொல்றேன்."

இறங்கினாள். அதிகாரி எழுந்தார். "விலை போதலையாம்மா?"

"நல்ல விலைதாங்க. நான் கூவினதுதான் தப்பு. என் பங்கும் இருக்குற கூடைக்கு என் பேச்சு செல்லாது. வேற யாராச்சும் முதல்லேர்ந்து கூவட்டும்."

எல்லோரும் நாத்தனாரைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பாக்குறீங்க? நான் மட்டும் அசலூரா?"

தாளம் நின்றது.

"என் என்ஜின்..." என்றான் புருஷன்.

"வோட்டு உங்க கையில இருக்கு. நல்லா யோசிச்சுப் போடுங்க. நான் போட்ட சத்தத்துக்காகப் போட்டுடாதீங்க."

வழக்கப்படி வாசலில் போய் நின்றாள். உள்ளே பத்துப் பேர் ஒரே நேரத்தில் சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். மூன்றாவது தரம் அவள் தொண்டையில் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.