குனிந்து ஏறிய மேடு

மருதமுனையில் எங்கே பார்த்தாலும் சமதரைதான். சைக்கிள்காரருக்கு இங்கே உள்ள ஒரே கஷ்டம் கச்சான் காற்று. அது எதிரே அடித்தால், கண்ணில் மணல் விழாமல் தலையைக் குனிந்துகொண்டு பலம் கொண்ட மட்டும் மிதிப்போம்.

சண்டை முடிந்து செக்பொயிண்டுகள் குறைந்த பிறகு, பசறையில் இருக்கும் என் மச்சானை, மனைவியின் மூத்த சகோதரரான காக்காவைப் பார்க்கப் போனேன். சுனாமிக்குப் பிறகு கடல் வேண்டாம் என்று மலைக்குப் போனவர் அவர். மறுநாள் காலையில் ஆளுக்கொரு சைக்கிளில் சந்தைக்குக் கிளம்பினோம்.

வழியில் செங்குத்தான மேடு வந்தது. மச்சான் ஆறுதலாக மிதித்தார். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. கச்சானுக்குக் குனிவதுபோல் குனிந்து, முன்சில்லு உருள்வதை மட்டும் பார்த்துக்கொண்டு அவரை முந்தினேன். வளைவில் நடு றோட்டுக்கு வந்துவிட்டதைக் கவனிக்கவில்லை.

“மச்சான், இடப்பக்கம் வாங்க” என்று பின்னால் அவருடைய குரல் கேட்டது. கேட்டதும் ஹேண்டிலைத் திருப்பினேன். மேலிருந்து இறங்கிய பஸ் என் தோளோடு உரசுவதுபோல் போனது. அந்தக் காற்றில் தொப்பி பறந்து பள்ளத்தில் விழுந்தது.

மச்சான் பக்கத்தில் வந்து இறங்கினார்.

“காத்துக்குக் குனியலாம் மச்சான், மலைக்குக் குனியேலாது. தலையத் தூக்கி, முன்னுக்கு வாறதப் பார்த்து மெதுவா மிதிங்க. ஏலாட்டி இறங்கி உருட்டுங்க. அதுல வெக்கமில்ல.”

“ஓம்” என்றேன். மிச்ச மேட்டை உருட்டிக்கொண்டே ஏறினேன்.

இப்போது ஊரில் கச்சான் அடித்தாலும் நிமிர்ந்துதான் மிதிக்கிறேன். கண்ணில் மணல் விழுகிறது. துடைத்துவிட்டுப் பார்க்கிறேன்.