வெள்ளைப்பூ வந்தால் ஐஸ்லாந்து

என் கணவருக்கு முடியாது என்று சொல்ல வராது. எங்கள் பக்கத்து ஆண்கள் பலருக்கும் வராது. "பாத்துக்கலாமுங்க" என்றால் நடக்காது. "செஞ்சுபோடலாமுங்க" என்றால் நிச்சயமாக நடக்காது. "நீங்க சொன்னாச் செரியாத்தானுங்க இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னால், சொன்னவர் உங்களை இனி வாழ்நாளில் தேடி வரமாட்டார். கோயம்புத்தூர் கணபதிப் பகுதியில் பம்ப் செட்டுக்கு உதிரி பாகம் செய்யும் சின்னக் கம்பெனி எங்களுடையது. அங்கே அவருடைய ஒரே ஆயுதம் இந்த மரியாதைதான். கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று சரக்கு வாங்க வந்தவர்கள் நினைத்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, எனக்கு ஐஸ்லாந்து போகவேண்டும் என்று நான் சொன்னபோது, "செஞ்சுபோடலாம் அம்மணி" என்று அவர் உற்சாகமாகச் சொன்னதைக் கேட்டு நான் உஷாராகியிருக்க வேண்டும். இருபத்தேழு வருஷம் குடித்தனம் நடத்தியும் நான் உஷாராகவில்லை. ஆசை அப்படிப் புத்தியை மழுக்கிவிட்டது.

ஏன் ஐஸ்லாந்து என்று எல்லோரும் கேட்டார்கள். பச்சையாய் ஆடும் வான வெளிச்சத்தைப் பார்க்கவேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிவைத்தேன். உண்மை வேறு. ஒரு நாள் மதியம் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். கறுப்பு மணல், தூரத்தில் பனிமலை, நடுவே ஒரு பெண் கல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான். மூன்று நிமிஷம் ஓடிய அந்தப் படத்தில் ஒருவரும் வந்து காலிங் பெல் அடிக்கவில்லை. ஒருவரும் அவளிடம் காபி கேட்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டேன்.

எங்கள் வீட்டு கேட்டைப் பகலில் பூட்டி நான் பார்த்ததில்லை. பங்காளிகள், மாமன் மச்சான்கள், கம்பெனிக்கு வந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பார்க்க வந்தவர்கள், எல்லோருக்கும் எங்கள் ஹால்தான் நிழற்குடை. கல்யாணமான புதிதில் நாங்கள் ஊட்டிக்குப் போனபோது, மேட்டுப்பாளையத்தில் கார் பஞ்சராகி நின்றது. பின்னாலேயே ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே அவருடைய அக்கா, அக்கா வீட்டுக்காரர், அவர்கள் பிள்ளைகள், ஒரு தூக்குப்போசி நிறையப் புளிச்சோறு. "சும்மாத்தான் இருந்தோம், நாமளும் போய்ட்டு வரலாம்னு கெளம்பிட்டோம் கண்ணு" என்றார் அக்கா. அக்காவுக்கு ஊட்டிக் குளிர் ஒத்துக்கொள்ளாது. மூன்று நாளும் அவருக்குத் தைலம் தேய்த்தது நான்தான்.

அதனால் நான் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. எட்டு நாள். நாம் இருவர் மட்டும்.

"அதுக்கென்ன, ரெண்டு பேருந்தான்" என்றார்.

மறுநாளிலிருந்து அவருக்கு ஐஸ்லாந்துப் பைத்தியம் பிடித்தது. கம்பெனியில் அவர் நாற்காலிக்குப் பின்னால் அந்த நாட்டு வரைபடத்தை ஒட்டினார். ரேஸ் கோர்ஸில் நடக்க வருகிறவர்களிடம் எரிமலையைப் பற்றி வகுப்பெடுத்தார். அங்கே ஒரு சாப்பாடு என்ன விலை என்று சொல்லிவிட்டு, கேட்கிறவர் மூச்சு நிற்கும்வரை காத்திருப்பார். அந்த இடைவெளிதான் அவருக்கு உல்லாசப் பயணம். அவ்வளவு விலையுள்ள ஊருக்குப் போகிறவர் என்ற பேர் கிடைத்துவிட்டது. பேர் கிடைத்தபிறகு ஊருக்குப் போயே ஆகவேண்டுமா என்ன?

அடுத்து, சொந்தக்காரர்களுக்குச் சொல்லவேண்டும். போனில் சொன்னால் மரியாதை இல்லை. நேரில் பழம் வாங்கிக்கொண்டு போய்ச் சொல்லவேண்டும். முதலில் திருப்பூரில் இருக்கும் அவருடைய அண்ணனிடம் போனோம். பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். குளிர் நாட்டுக்காரர்கள் உள்ளே போட்டுக்கொள்ளும் கனத்த பனியன் எல்லாம் அவருடைய கம்பெனியில்தான் தைக்கிறார்களாம். "அவிய போடற துணிய நாம தைக்கறோம். அங்க போயி அவியள எதுக்குப் பாக்கோணும்?" என்றார். பிறகு ஒரு டஜன் கனத்த பனியன் கொடுத்தார். எல்லாம் ஏற்றுமதியில் தள்ளுபடியானவை. ஒன்றில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. "குளுருல எவன் பாக்கறான்" என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தார்.

மற்ற வீடுகளிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த உடம்புக்கு அந்தத் தண்ணீர் சேருமா என்று கவலைப்பட்டார்கள். கோயம்புத்தூர் கிளைமேட்டை விடவா என்று கேட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கிளைமேட் அவர்களே பட்டறையில் கடைந்து எடுத்தது போல ஒரு கர்வம். போதாததற்கு, தொண்டாமுத்தூரில் தோப்பு வைத்திருக்கும் ஒரு மாமா, "அங்க யானை வருமா?" என்று கேட்டார். வராது என்றதும், அப்படியானால் அது என்ன ஊர் என்பதுபோல டீவியை நோக்கித் திரும்பிக்கொண்டார்.

கடைசியாக அக்கா வீடு. நான் நங்கையா என்று கூப்பிடும் அந்த அக்கா, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். மெள்ள என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு பேரு தனியா அவ்வளவு தூரம் போய் என்ன பண்ணுவீங்க கண்ணு? நாங்களும் வாரோம். நான் கரண்டு அடுப்பு எடுத்துக்கறேன், அரிசிம்பருப்புச் சோறு ஆக்கிப்போட்டா வேளைக்கு வேளை தீந்துபோச்சு" என்றார்.

நான் என் கணவரைப் பார்த்தேன்.

"பாத்துக்கலாமுங்கக்கா" என்றார் அவர்.

அந்த ஒரு முறை அந்தச் சொல்லைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். அக்காவுக்குத்தான் அது மறுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

டிக்கெட் போடலாம் என்று நான் சொன்ன அன்றைக்குத்தான் அவர் ஆரம்பித்தார். "எதுக்கும் குலசாமிகிட்ட ஒரு பூக் கேட்டுப்போடலாம் அம்மணி."

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப்பூ, இன்னொன்றில் சிவப்பு அரளி, இரண்டையும் வெளியே தெரியாமல் ஒன்றுபோலக் கட்டி சாமி காலடியில் வைப்போம். பூசாரி கும்பிட்டு ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. அதற்கு மேல் பேச்சே இல்லை. புது லேத் வாங்கவும் பூக் கேட்டோம், எங்கள் மகளுக்கு மாப்பிள்ளை முடிக்கவும் கேட்டோம். இரண்டுக்கும் வெள்ளைதான் வந்தது. லேத் இன்றுவரை நன்றாக ஓடுகிறது.

அவிநாசி தாண்டி உள்ளே போனால் அவர் வீட்டுக் குலசாமி கோயில். ஒரு வெள்ளிக்கிழமை காலை நாங்கள் இருவர் மட்டும் போனோம். வழியில் பூக்கடையில் சிவப்புக்கு அரளியும் வெள்ளைக்கு நந்தியாவட்டையும் வாங்கினார். கோயில் வாசலில் காரின் பானெட்மேல் செய்தித்தாளை விரித்து, எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பொட்டலம் கட்டினார். "நான் கட்டட்டுங்களா?" என்றேன். "நீ போயி வெளக்குப் போடு அம்மணி" என்றார். சட்டைப் பொத்தான் அறுந்தால்கூட என்னைக் கூப்பிடுகிறவர், நூல் சுற்றிச் சுற்றி அவ்வளவு அழகாக முடிச்சுப் போட்டிருந்தார்.

பூசாரி வேண்டுதலைக் கேட்டார். "தை மாசத்துல ஐஸ்லாந்து போலாமுங்களான்னு கேளுங்க" என்றார் என் கணவர். பூசாரி கொஞ்சம் தடுமாறினார். பிறகு சமாளித்துக்கொண்டு, "வடக்கங்க சாமி, ரொம்ப வடக்க" என்று சாமிக்கு வழி சொல்லிவிட்டு, ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

சிவப்பு.

"சாமியே வேண்டாங்குது, நாம என்ன பண்றது" என்று என் கணவர் தலையை ஆட்டினார். கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் ஊர் சுற்ற முடியவில்லை என்று சாமி முன்னால் நின்று அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்திருந்த பெண்ணை நினைத்தால் நிறுத்த முடியவில்லை.

பூசாரி மிஞ்சிய பொட்டலத்தை என்னிடம் கொடுத்து, "இத அந்த வேப்பமரத்து மூட்டுல போட்டுருங்க அம்மணி" என்றார். அதை யாரும் பிரித்துப் பார்ப்பது வழக்கமில்லை. எதற்குப் பார்க்கவேண்டும், ஒன்று சிவப்பென்றால் மற்றது வெள்ளைதானே. போகாத ஊரின் பூவையாவது கண்ணால் பார்த்துவிட்டுப் போடுவோம் என்றுதான் மரத்தடியில் நின்று பிரித்தேன்.

உள்ளே செவ்வரளி.

அழுகை நின்றுவிட்டது. முகம் கழுவுகிறேன் என்று காருக்குப் போனேன். டிரைவர் சீட் பக்கத்துக் கதவின் அறையில் வாழை இலைச் சுருள் செருகியிருந்தது. அதற்குள் நந்தியாவட்டை ஒரு பூக்கூடக் குறையவில்லை. செல்போன் சார்ஜரை எங்கே வைத்தோம் என்று தினமும் என்னைக் கேட்கிற மனிதர், சாமியை ஏமாற்ற இவ்வளவு நேர்த்தியாகத் திட்டம் போட்டிருக்கிறார்! முதலில் அந்தச் சுருளை அவர் முகத்தில் எறியலாமா என்று யோசித்தேன். பிறகு அதே பானெட், அதே செய்தித்தாள், அதே நூல்கண்டு என் கண்ணில் பட்டன.

சாமிக்குப் பயம் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் ஆரம்பித்துவைத்தது நான் இல்லை என்பது சாமிக்குத் தெரியும். பிரித்த பொட்டலத்தை மரத்தடியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

திரும்பிப் போய்ப் பூசாரியிடம், "ஏனுங்க, தை மாசத்துக்குத்தானுங்க சாமி வேண்டான்னுச்சு. மாசியில போலாமுங்களான்னு கேட்டுப் பாருங்க" என்று புதுப் பொட்டலங்கள் இரண்டை நீட்டினேன். பூசாரிக்கு அது நியாயமாகப் பட்டது. "அதுவுஞ் செரிதானுங்க, மாசம் மாறுனா உத்தரவும் மாறுமுங்க" என்றார். என் கணவர் என் கையைப் பார்த்தார், காரைப் பார்த்தார், மறுபடி என் கையைப் பார்த்தார்.

வெள்ளை வந்தது. வராமல் எங்கே போகும்?

"இன்னொரு பொட்டலத்தையும் பிரிச்சுப் பாத்துரலாமுங்களா?" என்று என் கணவரிடம் கேட்டேன். நான் வேண்டுமென்றேதான் கேட்டேன்.

"அதெல்லாம் வேண்டாம் அம்மணி. சாமி குத்தம் ஆயிரும்" என்றார். அவர் நெற்றியில் விபூதி வேர்வையில் கரைந்து வழிந்துகொண்டிருந்தது.

அவிநாசி வந்து சேர்ந்தோம். அங்கே ஒரு ஓட்டலில் காபிக்கு நிறுத்தினார். காபி வந்ததும், கைப்பையைத் திறந்து அந்தச் செவ்வரளிப் பொட்டலத்தை எடுத்து மேசையில் அவர் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

விரலால் அதைப் புரட்டிப் பார்த்தார். பணத்தைப் பற்றிச் சொல்வார், கம்பெனியில் ஆள் இல்லை என்பார் என்று நினைத்தேன். இரண்டுக்கும் பதில் வைத்திருந்தேன்.

"எட்டு நாளு" என்றார். "நீயும் நானும் மட்டும். நடுவுல ஒருத்தரும் இல்ல. என்ன பேசறதுன்னு யோசிச்சேன் அம்மணி. ஒண்ணும் தோணல. பயமாப் போச்சு."

எனக்குச் சுருக்கென்றது. கோபத்தில் நல்ல பதிலாக ஒன்றைத் தேடினேன். ஆனால் அவர் சொன்னது பொய் இல்லை. யாருமே இல்லாத ஊரைக் கனவு கண்டேனே, அந்தக் கனவில் இவர் எந்தக் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார்? எட்டு நாள், இருவர் மட்டும் என்று வாய் சொன்னது. படத்தில் நான் மட்டும்தான் இருந்தேன்.

அப்போது அவருடைய போன் அடித்தது. அக்கா. எங்கள் வீட்டில் போனை ஸ்பீக்கரில் போடாமல் பேசினால் ரகசியம் பேசுவதாக அர்த்தம். ஸ்பீக்கரில் போட்டார்.

"பூ என்னப்பா வந்துச்சு?"

"வெள்ளைதானுங்க அக்கா. மாசிக்கு."

"நல்லதாப் போச்சு. அப்ப எங்க ரெண்டு பேருக்கும் சேத்துப் போட்டுரு. பாஸ்போர்ட்டு எல்லாம் எடுத்து வெச்சுட்டேன்."

தப்பிக்க இதைவிட நல்ல வழி அவருக்குக் கிடைத்திருக்காது. அக்கா வந்தால் எட்டு நாளும் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. சோறும் ஆகிவிடும். "பாத்துக்கலாமுங்க" என்று மட்டும் சொன்னால் போதும், மீதியை அக்கா பார்த்துக்கொள்வார்.

அவர் மேசைமேல் இருந்த செவ்வரளியைப் பார்த்தார்.

"முடியாதுங்கக்கா" என்றார். "நாங்க ரெண்டு பேரு மட்டுந்தானுங்க போறோம்."

அக்கா தன் தம்பி வாயிலிருந்து இதற்குமுன் அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து, "அலோ, அலோ" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்.

என் கணவர் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். காபி ஆறி ஆடை படிந்திருந்தது. ஏதாவது பேசவேண்டும் என்று வாயைத் திறந்தார், மூடினார். சுவரில் மாட்டியிருந்த விலைப்பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தார். பாவமாக இருந்தது.

"பேச ஒண்ணும் இல்லீன்னா சும்மா இருங்க" என்றேன். "அதுக்குத்தானுங்க அவ்வளவு தூரம் போறோம்."