பாதி மீன்

கல்லூரியில் அவளை எல்லோரும் 'ஃப்ரீசர் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆய்வுக்காகப் பிடித்த ஆற்று மீன்களைக் குளிர்பெட்டியில் அடுக்கிவிட்டு, பெற்ற பிள்ளையைப் போலக் காவல் இருப்பாள். கதவில் தெரியும் வெப்ப அளவை அவள் குனிந்து பார்க்கும்போதெல்லாம், "மீனுக்குக் காய்ச்சல் விட்டிடுச்சா அக்கா?" என்று மாணவர்கள் சீண்டுவார்கள்.

அந்த மீன்களின் சதையில் ஈயம் இருந்தது. ஆற்றோரத்துப் பேட்டரி தொழிற்சாலையின் கழிவிலிருந்து வந்த ஈயம். தொழிற்சாலை முதலாளியோ துறைத் தலைவரின் சம்பந்தி. இது போதாதா? ஆற்றுத் தண்ணீரில் ஒன்றுமே இல்லை என்று தலைவர் எல்லோரிடமும் சொல்லிவந்தார். அவள் எழுதவிருந்த கட்டுரையை மறந்துவிடச் சொல்லி முதலில் நயமாகப் பேசினார், பிறகு மிரட்டினார். அவள் மசியவில்லை.

ஒரு நீண்ட விடுமுறை கழிந்து ஆய்வகத்தைத் திறந்தபோது நாற்றம் குடலைப் பிடுங்கியது. குளிர்பெட்டியின் பிளக் தரையில் கிடந்தது. அறையின் இன்னொரு சாவி துறைத் தலைவரிடம் மட்டும்தான் உண்டு. ஆனால் கவனக்குறைவு என்று சொல்லி வேலையிலிருந்து நீக்கியது அவளை. பிள்ளையைக் கொன்றவனே தாயைப் பார்த்துக் கொலைகாரி என்றால் எப்படி இருக்கும்? அப்படி எரிந்தது அவள் வயிறு.

போனது போகட்டும், வேறு வேலை தேடலாம் என்றார் கணவர். மாமியார் அப்படிப்பட்டவர் இல்லை. "அவன் குடுமி நம்ம கைக்கு வராமலா போயிடும்? அழாம சாப்பிடு" என்று தட்டை முன்னால் தள்ளினார்.

குடுமி ஏற்கெனவே கைக்கு வந்திருந்தது. அதைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை.

முன்பு ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு கூட்டு ஆராய்ச்சிக்கு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு மீனையும் இரண்டாக வெட்டி, பாதியைப் பனிக்கட்டியில் பொதிந்து அங்கே அனுப்ப வேண்டும், அவர்கள் தனியாகச் சோதிக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. தலைவருக்கு வேண்டியிருந்தது அந்த ஊர்ப் பேராசிரியையோடு கைகுலுக்கும் படம் மட்டும். அதைச் சட்டம் போட்டுத் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். கையெழுத்துப் போட்ட காகிதங்களைப் படித்தாரா என்றால், அந்தப் பழக்கம் அவருக்குக் கிடையாது.

இங்கே அழுகிய மீனின் மறுபாதி அங்கே உறைந்து பத்திரமாக இருந்தது. ஈயமும் அப்படியே இருந்தது.

உண்மையைச் சொன்னதற்காக விரட்டப்பட்டவர்களுக்கென்று பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஓர் ஏற்பாடு வைத்திருந்தன. அந்தப் பேராசிரியை அதில் அவளுக்கு ஓர் ஆய்வாளர் பதவி வாங்கித் தந்தார். சமையலறை மேஜையிலேயே உட்கார்ந்து எழுதலாம், வாயை மூட இங்கே யாராலும் முடியாது. எழுதினாள். தனக்கு நன்றி சொல்லாத கட்டுரை துறையை விட்டு வெளியே போகக்கூடாது என்பது தலைவர் போட்ட சட்டம். அதையும் மீறாமல் கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: 'மீன்களின் பாதியை வெளிநாட்டுக்கு அனுப்ப ஒப்புதல் அளித்த துறைத் தலைவருக்கு நன்றி.' இந்த வரி வேண்டுமா என்று பேராசிரியை தயங்கினார். பொய் இல்லையே என்றாள்.

கட்டுரை இணையத்தில் வெளிவந்த வாரமே, தலைவர் மாடிப்படி ஏறி மூச்சிரைக்க அவள் வீட்டுக்கு வந்தார்.

"அந்த ஒரு வரியை எடுக்கச் சொல்லும்மா. நானே காட்டிக் கொடுத்துட்டேன்னு சம்பந்தி நினைக்கிறாரு. அந்த வீட்டுல என் பொண்ணுகிட்ட யாரும் முகம் கொடுத்துப் பேசறதில்லை. உன் வேலையைத் திருப்பித் தர்றேன்."

பெண் என்றதும் அவள் மனம் ஒரு கணம் இளகியது. அடுத்த கணம் அந்த நாற்றம் மூக்கில் ஏறியது.

மாமியார் ஒரு தம்ளரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். "குழாய்த் தண்ணிதான். ஆத்துலேருந்து வருது. நாங்க இப்ப குடிக்கறதில்லை. நீங்க தாராளமா குடிக்கலாம்."

அவள் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னாள், "குடிங்க சார். அதுல ஒண்ணுமே இல்லைன்னுதானே எல்லார்கிட்டயும் சொன்னீங்க? மிச்சம் வைக்காம குடிங்க. இப்பவே பத்திரிகைக்கு எழுதி அந்த வரியை எடுக்கச் சொல்லிடறேன்."

தம்ளரை உதடுவரை கொண்டுபோனார். அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டு அழுதாள். மாமியார் அழுது தீரட்டும் என்று காத்திருந்துவிட்டு, தம்ளரைத் தொட்டியில் கொட்டப் போனார்.

"கொட்டாதீங்க அத்தை," என்று முகத்தைத் துடைத்தபடி அவள் எழுந்தாள். "ரெண்டு பாட்டில் எடுங்க. பாதி அங்க போகணும்."