பட்டுப்புடவையில் ஏறிய பழைய சீவரம் மலை

கார்த்திகை அமாவாசை இந்த முறை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. காஞ்சிபுரத்தில் அமாவாசையன்று யாரும் தறியில் உட்காரமாட்டார்கள். மற்ற நாட்களில் விடிவதற்கு முன்பே கேட்கத் தொடங்கும் தறிச் சத்தம் இல்லாததால் எங்கள் தெரு பரீட்சை நடக்கிற பள்ளிக்கூடம்போல் அடங்கிக் கிடந்தது. அந்த அமைதியில், மலை ஏறக் கிளம்பிய எனக்கு அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மலைம்மா. சுடிதார் போட்டுக்கினு வரேனே."

"மலை அங்கயேதான் இருக்கும். புள்ள ஊட்டுக்காரங்க இன்னொரு தபா வருவாங்களா? நேரா நில்லு."

விஷயம் இதுதான். ஆரணியிலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. எங்கள் பக்கத்தில் முதல்முறை வீட்டில் வைத்துப் பார்ப்பதில்லை. ஏதாவது ஒரு கோயிலில் தற்செயலாகச் சந்தித்ததுபோல் சந்திப்பார்கள். பிடிக்கவில்லையென்றால் இரண்டு பக்கமும் சாமி கும்பிட்டுவிட்டு வந்ததாக நினைத்துக்கொள்ளலாம். அம்மா காமாட்சி கோயில் என்றாள். நான் பழைய சீவரம் என்றேன். மலையடிவாரத்தில் நரசிம்மர் கோயில், மலை மேல் ஒரு மண்டபம், கீழே பாலாறு. மழைக்குப் பிறகு ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது என்று என் வகுப்புப் பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள்.

நான் வாலாஜாபாத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும், உயரட்டும். தினமும் காலையில் ரயிலேறி வாலாஜாபாத்தில் இறங்குகிறேன். அதற்கு அடுத்த ஸ்டேஷன்தான் பழைய சீவரம். இத்தனை நாளில் ஒருமுறைகூட அதுவரை போனதில்லை.

ஆரணிக்குக் கல்யாணமாகிப் போனால் இந்த வேலை போய்விடும். அங்கிருந்து தினமும் வந்துபோக முடியாது. வேலையை விடமாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். "அத நீயே அவங்ககிட்ட சொல்லிக்கோ. எனக்கு வாய் வராது," என்றார் அப்பா. அதைச் சொல்வதற்குத்தான் மலைக்குப் போனேன். ஆற்றைப் பார்ப்பதற்கும்.

காலை ஏழு மணிக்கு ஆட்டோ வந்தது. எங்கள் பக்கத்துத் தெரு பாய்தான் ஓட்டுநர்.

"இன்னா டீச்சர், ஞாயித்துக்கிழமைல பட்டுல ஜொலிக்கிறே?"

"மலைக்கிப் போறோம் பாய்," என்றார் அப்பா.

"பட்டு கட்டிக்கினு மலைக்கா? புரிஞ்சிபோச்சி, புரிஞ்சிபோச்சி. நான் ஒண்ணும் கேக்கல," என்றவர் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டுக்கொண்டேதான் வந்தார். பெரிய காஞ்சிபுரத்திலிருந்து ரயில் நிலையத்துக்கு எண்பது ரூபாய்.

ரயில் டிக்கெட் ஆளுக்குப் பத்து ரூபாய், தூரம் சுமார் இருபது கிலோமீட்டர். காரில் போவோர் செங்கல்பட்டு சாலையிலேயே போகலாம், பஸ்ஸும் உண்டு. ஆனால் ரயில்தான் அழகு. நத்தப்பேட்டை ஏரி நிரம்பி, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பிறகு வயல்கள், அரிசி ஆலைகளின் புகைபோக்கிகள். வாலாஜாபாத்தில் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன். "ஒக்காருமா, இன்னிக்கி லீவு," என்று அம்மா புடவையைப் பிடித்து இழுத்தாள். எதிரே இருந்த பூக்காரப் பெண்மணி சிரித்துவிட்டார்.

பழைய சீவரம் சின்ன ஸ்டேஷன். எங்களோடு இறங்கியவர்களைவிட, இறங்குவோரைப் பார்த்துக்கொண்டிருந்த ஆடுகள் அதிகம். அங்கிருந்து மலையடிவாரத்துக்கு நடக்கிற தூரம்தான். கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு டீக்கடைக்கு வந்தபோது, மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஆரணியிலிருந்து பஸ் மாறி வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். அவர் பெயர் தினேஷ், ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை, நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். அவர் அம்மா பெயர் பச்சையம்மாள். கணவர் இறந்தபின் ஆரணியில் தானே தறி நெய்து மகனை வளர்த்தவர். மடியில் ஒயர் கூடை.

யார் முதலில் பேசுவது என்று நாங்கள் தயங்கி நின்றோம். பச்சையம்மாள் தயங்கவில்லை. நேராக என்னிடம் வந்து என் முந்தானையை எடுத்தார், உள்பக்கம் திருப்பினார், புடவையின் உடலும் முந்தானையும் சேருகிற இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். நெய்கிறவர்கள் புடவையை அப்படித்தான் பார்ப்பார்கள், வெளிப்பக்கம் வாங்குகிறவர்களுக்கு.

"நல்லாத்தான் நெய்ஞ்சிருக்காங்க. ஆனா இன்னா கனம்! புடவையா, பாறாங்கல்லா?"

"காஞ்சிப் பட்டுன்னா கனம் இருக்கும்," என்றாள் அம்மா. அது அம்மாவின் கல்யாணப் புடவை, அரக்கு நிறத்தில் மாம்பழக் கரை. "ஆரணிப் பட்டு காத்தடிச்சா பறந்துடுமாமே?"

"பறக்கும். கட்னவளும் சுளுவா நடப்பா. இத கட்டிக்கினு இந்தப் பொண்ணு எங்க மலையேறப் போவுது?"

"நீங்களே பாருங்க," என்று கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தேன். பின்னால் தினேஷ் சிரிக்கிற சத்தம் கேட்டது. டீ பன்னிரண்டு ரூபாய், அவர்தான் கொடுத்தார்.

மலை என்று சொன்னாலும் பயப்பட ஒன்றுமில்லை. அகலமான கல்படிகள், இடையிடையே வெறும் பாறை. நின்று நின்று போனாலும் அரைமணியில் மேலே போய்விடலாம். வெயில் ஏறுமுன் போவது நல்லது, ஏனென்றால் பாறை சீக்கிரம் சூடாகிவிடும். தண்ணீர் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். செருப்பு வழுக்காததாக இருக்கட்டும். புடவையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

பாதி வழியில் ஒரு வேப்பமர நிழலில் எல்லோரும் உட்கார்ந்தோம். அப்பாவும் அம்மாவும் பக்கம் பக்கமாக, தறியில் உட்காருவதுபோலவே உட்கார்ந்தார்கள். அப்பா நடுவில் நெய்ய, அம்மா ஓரத்தில் கரைக்கு நூல் கொண்டுபோகும் நாடாக்கட்டையைத் தள்ளுவாள். அந்த இடைவெளி மலையிலும் மாறவில்லை.

பச்சையம்மாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "கைய காட்டு," என்றார். கைரேகை பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் விரல்களைப் பார்த்தார். ஒவ்வொன்றாகத் தடவினார். பட்டு நூல் அறுத்த தழும்பு இல்லை, நாடா தேய்த்த காய்ப்பு இல்லை.

"தறில ஒக்காந்ததே இல்லியா நீ?"

"இல்ல அத்தை."

"காஞ்சிபுரத்துல நெய்யறவங்க ஊட்டுப் பொண்ணுன்னாங்களே."

அவர் ஏமாற்றம் எனக்குப் புரிந்தது. ஆரணியில் அவர் தறிக்கு ஒரு துணைக்கை வரும் என்று நினைத்திருக்கிறார். நான் வாய் திறப்பதற்குள், வாய் வராது என்று சொன்ன அப்பா பேசினார்.

"நாங்கதான் ஒக்கார வெக்கலம்மா. தறிகிட்ட வந்தா அதட்டி தொரத்துவேன். இவ படிக்கிற நேரத்துக்கு ஒத்த ஆளா நாடா தள்ளிக்கினு இவங்க அம்மா இடுப்ப ஒடிச்சிக்கினா. கை இப்படித்தான் இருக்கணும்னு நாங்க நெனச்சோம்."

பச்சையம்மாள் கையை விட்டுவிட்டு, "ஓ," என்றார். மீதி வழி முழுவதும் அந்த "ஓ" என் கூடவே ஏறிவந்தது.

மேலே மண்டபம். பொங்கலை ஒட்டிப் பரிவேட்டை உற்சவத்துக்குக் காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாளை இந்த மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அன்றைக்குக் கூட்டம் தாங்காது. நாங்கள் போன அன்று ஒருவரும் இல்லை. மண்டபத்தைத் தாண்டிப் பாறை விளிம்புக்குப் போனதும் ஆறு தெரிந்தது.

பாலாறு என்றால் எனக்கு மணல்தான். பஸ்ஸில் பாலம் கடக்கும்போது முள்செடியும் லாரித் தடமும் பார்த்துப் பழகியவள் நான். அன்று கரையிலிருந்து கரைக்குத் தண்ணீர். நடுநடுவே மணல் திட்டுகள், அவற்றில் கொக்குகள், காலை வெயிலில் தகரம்போல் பளபளக்கிற ஓட்டம். எதிர்க்கரையில் திருமுக்கூடல் கோபுரம், அதற்குப் போகிற பாலத்தில் எறும்புபோல் ஒரு டிராக்டர். தெற்கிலிருந்து செய்யாறு வந்து சேர்கிறது. இந்தப் பக்கத்தில் வேகவதி. எங்கள் ஊரில் வேகவதி என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற பாலம். அது இங்கே நாணலுக்கு நடுவில் சுத்தமாக வளைந்து வருவதைப் பார்த்தபோது, தெருச் சண்டைக்காரியை அவள் சொந்த வீட்டில் சமையல்கட்டில் பார்த்ததுபோல் இருந்தது.

அம்மாக்கள் மண்டபத்தில் உட்கார்ந்து கூடையைத் திறந்தார்கள். நானும் தினேஷும் விளிம்பில் நின்றோம்.

"மூச்சு வாங்குது உங்களுக்கு," என்றேன்.

"நைட் ஷிப்ட் முடிச்சிட்டு அப்படியே வந்தேங்க. அம்மாவ காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுல புடிச்சி இட்டுக்கினு வந்தேன்."

"ஆரணியிலிருந்து ஒண்ணா வரலையா?"

"நான் ஆரணிக்கிப் போறதே மாசத்துக்கு ரெண்டு வாட்டிதான்."

இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று தோன்றியது. "நான் வேலையை விடமாட்டேன். ஆரணிக்கு வந்தா விட்டாகணும். ஒரகடத்துக்கு வாலாஜாபாத் பக்கம்தான். நீங்க இங்க குடிவந்தா நான் சரின்னு சொல்றத பத்தி யோசிப்பேன்."

அவர் ஆற்றைப் பார்த்தார். "எனக்கு அதான் வசதி. நாலு பேரு ஒரு ரூம்ல படுத்துக்கினு கெடக்கறோம்."

"அப்புறம் என்ன?"

"எனக்கு ஆத்தப் பாத்தா பயம் இல்ல, மலையப் பாத்தா பயம் இல்ல." மண்டபத்தின் பக்கம் தலையசைத்தார். "அவங்கள பாத்தாதான். ஒண்டியா உட்டுட்டு வந்துட்டான்னு ஊரே பேசும்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை என்பதும் தெரிந்தது. நான்கூட என் அம்மாவைப் பற்றி அப்படித்தான் யோசிப்பேன்.

அதற்குள் பச்சையம்மாள் கையில் முறுக்கோடு விளிம்புக்கே வந்துவிட்டார். "எம்மாந் தண்ணி!" என்று நின்றார். நான் டீச்சர், கையை நீட்டாமல் இருக்க முடியவில்லை. "அத்தை, அதோ வருது பாருங்க செய்யாறு. உங்க ஆரணி கமண்டல நாகநதி அதுலதான் கலக்குது. உங்க ஊர்த் தண்ணிதான் இங்க வருது."

"எங்க ஆறா? இவ்ளோ தூரம் வந்துக்கினு இருக்குதா?"

பின்னால் வந்த அப்பாவுக்கு அன்று எங்கிருந்து வாய் முளைத்ததோ தெரியவில்லை. "ஆமாம்மா. உங்க ஆறு வந்து எங்க ஆத்துலதான் சேருது."

பச்சையம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தார். "ஆறு வரும் அண்ணே. பள்ளத்தப் பாத்து ஓடறது அதோட கொணம். அதுக்காக எம் புள்ளையும் வரணுமா?"

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. ஆக, அவர் காதில் எல்லாம் விழுந்திருக்கிறது.

"வேலைய உடமாட்டியா?" என்று என்னைக் கேட்டார்.

"மாட்டேன் அத்தை."

"அவன் இங்க வந்துட்டான்னா, நானு?"

வேலை, வீடு, ரயில் என்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டு வைத்திருந்தவள், அந்த ஒருவரை எங்கே வைப்பது என்று யோசிக்கவே இல்லை. "நீங்களும் வாங்க" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நானாகக் கூப்பிட இன்னும் அது என் வீடாகவில்லையே. அவரும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மிச்ச முறுக்கைத் தின்றுகொண்டே ஆற்றைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

இறங்கும்போது பாறை சுடத் தொடங்கியிருந்தது. ஏறும்போது தெரியாத புடவைக் கனம் இறங்கும்போது முன்னால் இழுத்தது. ஓரிடத்தில் நான் தடுமாற, பச்சையம்மாள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "சொன்னனே, பாறாங்கல்லுன்னு," என்று முணுமுணுத்தார். அடிவாரம் வரை கையை விடவில்லை. அது என்னைத் தாங்கவா, தன் முட்டியைத் தாங்கிக்கொள்ளவா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆரணி பஸ்ஸுக்கு அவர்களும் காஞ்சிபுரம்தான் போகவேண்டும். ஒரே ரயிலில் ஏறினோம். ஜன்னலில் மலை சின்னதாகிக்கொண்டே போயிற்று. எங்கள் தெருவில் வாசலுக்கு வந்தால் எதிர்வீட்டுச் சுவர்வரைதான் கண் போகும். அதற்குமேல் போக அதற்கு வேலையும் இல்லை. அங்கே மேலே நின்றபோது கண்ணுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போனது. அதற்காகவாவது எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு அமாவாசையன்று இந்த மலைக்குப் போய்வரலாம். வேண்டுதல் எதுவும் வேண்டியதில்லை, சும்மா பார்க்க.

தினேஷ் தூக்கத்தில் தலை சாய்ந்திருந்தார். சம்பந்தம் ஆற்றோடு போய்விட்டது என்று அம்மா என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

வாலாஜாபாத் வந்தது. பச்சையம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"காஞ்சிபுரம் இன்னும் வரலீங்க," என்றாள் அம்மா.

"தெரியும்மா. டேய் தினேசு, ஏந்திரி. இவ்ளோ தூரம் வந்தாச்சி, வாடகைக்கி ஊடு எதுனா இருக்குதான்னு ஒரு நட பாத்துட்டுப் போயிடலாம். அமாவாசை, நெறஞ்ச நாளு. கூடத்துல தறி போட எடம் இருக்கணும், ஆமா. நான் சும்மா குந்திக்கினு திங்க மாட்டேன்."

தினேஷ் கண்ணைத் தேய்த்துக்கொண்டு தன் அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னை. அப்பா அம்மாவைப் பார்த்தார். எல்லாப் பார்வையும் சுற்றிவந்து என்மேல் நின்றது. வண்டி அங்கே அதிக நேரம் நிற்காது.

கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர்களுக்கு முன்னால் நான் பிளாட்பாரத்தில் குதித்தேன்.

"ஆத்துப் பக்கத்துத் தெரு வேண்டாம் அத்தை, மழை பேஞ்சா தண்ணி நிக்கும். இந்தப் பக்கமா வாங்க."