பூவும் பொட்டும் கூடாத வேலை

எங்கள் கடலை மிட்டாய் கம்பெனியில் நான் வேன் டிரைவர். பிரகதாம்பாள் மேடத்துக்கு ஆய்வகத்தில் வேலை. உணவுத் தொழில்நுட்பம் படித்தவர். வந்து இறங்கும் நிலக்கடலையில் ஈரம் எவ்வளவு, பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று அவர் சோதித்துச் சொன்னால்தான் மூட்டை உள்ளே போகும். இல்லையென்றால் வந்த லாரியிலேயே திரும்பும். அதனால் கடலை கொண்டுவருகிறவர்கள் யாரும் அவரிடம் சிரித்துப் பேசி நான் பார்த்ததில்லை. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ஒற்றை ஆள். கணவர் எழிலரசன் கத்தாரில். சாயங்காலம் போனாலும் பூட்டின வீடுதான். மதியம் பேக்கிங் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து குழம்பை மாற்றி மாற்றி ஊற்றிக்கொள்வார்கள். இவர் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும். பாவம், பிறகு இவரும் போவதை விட்டுவிட்டார்.

இந்த வருடம் முதலாளி, ஆய்வகத்தில் பயிற்சிக்கு ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளலாம், மேற்படிப்புச் செலவையும் கம்பெனியே பார்க்கும் என்று சொன்னார். மேடம் முகத்தை அன்றைக்குப் பார்க்கணுமே! பக்கத்தில் பேச்சுத்துணைக்கு ஓர் ஆள் வரப்போகிறது. பிளஸ் டூ பிள்ளைகளிடம் பேச, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கிளம்பினோம்.

முதல் பள்ளியில் குத்துவிளக்கு ஏற்ற மெழுகுவர்த்தியை நீட்டிய டீச்சர், இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சட்டென்று அதை வேறொரு அம்மாவிடம் கொடுத்தார். நெற்றியில் பொட்டில்லை, தலையில் பூவில்லை, கையில் வளையலில்லை. தாலியோ சட்டைக்குள்ளே. தின்கிற பொருளில் உதிர்ந்து விழும் என்று கம்பெனிக்குள் இதெல்லாம் கூடாது. இவரும் வேலையிலிருந்து அப்படியே வந்துவிட்டார். புருஷனை இழந்தவள் என்று முடிவே கட்டிவிட்டார்கள், புண்ணியவதிகள்! இழந்தவளாகவே இருக்கட்டும், அவள் ஏற்றினால் விளக்கு எரியாதா? எனக்கு வயிறு எரிந்தது. பிள்ளைகளும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்? ஒருத்திகூடப் பெயர் கொடுக்கவில்லை.

மறுவாரம் திருவரங்குளம் பக்கம் இன்னொரு பள்ளிக்குப் போகும்போது வண்டியைப் பூக்கடையில் நிறுத்தினேன்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. இங்கிட்டாவது பூவும் பொட்டுமாப் போங்க."

"வேசம் போடச் சொல்றீங்களா நாகராசண்ணே?"

"அட, கட்டுன புருசன் இருக்கையில பொட்டு வைக்கிறது வேசமாங்க?"

சிரித்துவிட்டார். பூ வாங்கி வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு என்னமாய்ப் பேசினார்! நல்ல கடலையையும் கெட்ட கடலையையும் கையில் கொடுத்து, மோந்து பார்க்கச் சொன்னார். பிள்ளைகள் முண்டியடித்தார்கள். இலக்கியா என்றொரு பெண் எழுந்து, "நான் வாரேங்க்கா" என்றாள். கூடவே இன்னும் மூன்று பேர் எழுந்தார்கள். நான் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உட்காரப் போன இலக்கியா திரும்பிக் கேட்டாள்.

"வேலைக்கும் இப்படிப் பூ வச்சுக்கிட்டு வரலாங்களாக்கா?"

ஆமான்னு சொல்லித் தொலைங்களேன் என்று என் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. மேடம் வாயைத் திறந்தார், மூடினார்.

"இல்லம்மா. உள்ள பூவு, பொட்டு, வளையல் எதுவும் கூடாது."

"அப்ப எங்க ஆத்தா விடாதுக்கா."

அவள் உட்கார்ந்தாள். மற்ற மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

திரும்பும் வழியில் என்னால் பொறுக்க முடியவில்லை. "ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா என்னங்க? அந்தப் புள்ள வந்திருக்கும்ல?"

"வந்திருப்பா. உள்ள வந்து பாத்துட்டு, ஒரு வாரத்துல போயிருப்பா."

கொஞ்ச தூரம் போனோம். வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அந்த ஒரு வாரமாச்சும் கெடைக்கட்டுமேன்னு வாய் வரைக்கும் வந்துருச்சுண்ணே."