பக்கத்து வண்டிக் குரல்

கொய்யாக்காரருக்குக் கூவி விற்க வராது என்பது பேருந்து நிறுத்தத்தில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு அவசியமும் வந்ததில்லை. பக்கத்து வண்டியில் வெள்ளரி விற்றவருக்குத் தொண்டை என்றே பட்டப்பெயர். பேருந்து வந்து நின்றதும் அவர் எடுத்துவிடுவார்: “வெள்ளரிப் பிஞ்சே... பக்கத்துலயே கொய்யா!” இரண்டு வண்டிக்கும் ஒரே குரல். தொண்டை சாப்பிடப் போனால் இரண்டு வண்டியையும் கொய்யாக்காரர் பார்த்துக்கொள்வார். “நீ வாயத் தொறந்தா மழ வந்துடும்யா, சும்மா இரு” என்று தொண்டை கேலி செய்வார்.

பிறகு அந்த நோய் வந்தது. பேருந்துகள் நின்றன. தொண்டையை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், போனவர் போனவர்தான். முகம் பார்க்கக்கூட யாரையும் விடவில்லை. அவருடைய மருமகன் போனில் சொன்னபோது கொய்யாக்காரர் “சரிப்பா” என்று மட்டும் சொன்னார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு ஒண்டிக்கட்டை. சொல்லி அழ அவருடைய ஒற்றை அறையில் யார் இருக்கிறார்கள்?

ஊரடங்கு தளர்ந்ததும் கையில் இருந்ததையெல்லாம் போட்டுச் சரக்கு எடுத்தார். நிறுத்தத்தில் ஈ காக்கை இல்லை. வண்டியை அப்படியே வீட்டுக்குத் தள்ளி வந்தார். கனிந்த பழத்தின் வாசம் அறை முழுக்க நிறைந்தது. நாளைக்குள் விற்காவிட்டால் எல்லாம் குப்பைக்குத்தான். மறுபடி சரக்கெடுக்க வழியே கிடையாது.

காலையில் குடியிருப்புத் தெருக்களுக்குள் வண்டியைத் தள்ளினார். எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. கூவித்தான் ஆக வேண்டும், ஆனால் வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசியில் முகக்கவசத்தை மோவாய்க்கு இறக்கி, கண்ணை மூடிக்கொண்டு கத்தினார்:

“வெள்ளரிப் பிஞ்சே... பக்கத்துலயே கொய்யா!”

இத்தனை வருஷம் காதில் ஊறியது அதுதானே.

மாடி ஜன்னல் ஒன்று திறந்தது. ஒரு பெண் கயிற்றில் பையை இறக்கினார்.

“கொய்யா ஒரு கிலோ போடுங்கண்ணே. வெள்ளரி வண்டி எங்க? பின்னால வருதா?”

கொய்யாக்காரர் தன்னையறியாமல் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார்.

“அவரு செத்துட்டாரும்மா.”

வாய்விட்டு அதைச் சொன்னது அப்போதுதான். சொன்னதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வண்டியைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் அழுதார். “அழாதீங்கண்ணே” என்று மேலிருந்து குரல் வந்தது. அந்தப் பெண் இறங்கி வரவில்லை. யாரும் யார் பக்கத்திலும் போகாத காலம் அது.

முகத்தைத் துடைத்து, பாட்டில் தண்ணீரில் கை கழுவி, நல்ல பழமாகப் பொறுக்கிப் பையில் போட்டார். அடுத்த தெருவிலும் “வெள்ளரிப் பிஞ்சே” என்றுதான் தொடங்கினார். மாற்றிக் கூவ மனமில்லை.

மதியத்துக்குள் பழம் தீர்ந்தது. வெள்ளரி எங்கே என்று கேட்ட எல்லோருக்கும் அவர் நின்று பதில் சொன்னார்.