திரைக்குப் பின்னால் நிறுத்திய குரல்

எண்பதுகளின் நடுவில், நாங்கள் ரண்டர்ஸ் நகரில் குடியேறிய காலத்தில், டென்மார்க் தொலைக்காட்சியில் ஒரே ஓர் அலைவரிசைதான் இருந்தது. சில ஞாயிறு மத்தியானங்களில் அதில் பழைய ஹொலிவூட் பாட்டுப் படங்கள் போகும். நான் ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவன். வாசித்து அறிந்ததை எல்லாம் மனைவிக்கு விளக்குவேன். நடிகர், நடன ஆசிரியர், வாத்தியக்காரர் எல்லோரும் ஸ்டூடியோவின் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். நடிகைக்குப் பாட வராவிட்டால் வேறொருத்தி பாடுவாள். பெரும்பாலும் அவளுடைய பெயர் படத்தில் வராது.

"எங்கட படங்களில பாடினவையின்ர பேர் போடுவினம்தானே?" என்றாள் மனைவி.

"இது வேற. நடிகைதான் பாடுறா எண்டு சனம் நம்பவேணும். அதுதான் அவங்கட கெட்டித்தனம்."

"கெட்டித்தனமோ? களவெண்டு சொல்லுங்கோ."

அவள் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தாள். தேவாலயச் சபையில் அவள் பாடத் தொடங்கினால் மற்றவர்கள் தங்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

அகதிகளுக்கு உதவிய ஒரு டெனிஷ் பெண்மணி பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு கலைவிழா ஒழுங்கு செய்தார். தமிழர் நிகழ்ச்சி என் பொறுப்பு. உடற்பயிற்சிப் பெட்டிகளை அடுக்கிப் படிக்கட்டாக்கி, ஒருத்தி பாடியபடி ஆடி இறங்குவதாக, அந்தப் படங்களின் பாணியில் காட்சி அமைத்தேன். பாட்டையும் நானே எழுதினேன். ஆடுவதற்கு மேல்மாடித் தமிழ்க் குடும்பத்துக்குப் புதிதாக வந்திருந்த இளம் மருமகளைப் பிடித்தேன். அழகான பெண், ஆனால் பாட்டு வராது. மனைவி பாட, அவள் வாயசைக்க வேண்டும்.

மனைவிக்குப் பருத்த உடம்பு. வேலையில் கைகள் சிவந்து வெடித்திருந்தன. டெனிஷ்காரர் முன் அவளை நிறுத்த நான் வெட்கப்பட்டேன். அதை மறைத்து, "திரைக்குப் பின்னால நிண்டாத்தான் மைக் இரையாது" என்று சொன்னேன். முடிவில் தன் பெயரைச் சொல்லுவேன் என்று நம்பி அவள் புதுச்சேலை உடுத்து வந்தாள்.

பாட்டு முடிந்ததும் மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. அந்தப் பெண்மணி மேடையேறி மருமகளுக்குப் பூங்கொத்துக் கொடுத்தார். அவள் பதறிப்போய் என் காதில், "அண்ணை, அக்காதானே பாடினவ, சொல்லுங்கோவன்" என்றாள். "பேசாம சிரியுங்கோ" என்று சொல்லிவிட்டு, நான் மைக்கில் மருமகளின் பெயரை மட்டும் அறிவித்தேன்.

வீட்டுக்கு நடக்கும்போது மனைவி ஒன்றுதான் கேட்டாள்: "மைக் இரையேல்லைத்தானே?"

நத்தார்ப் பண்டிகைக்கு மருமகள் மறுபடி பாடவேண்டும் என்று அந்தப் பெண்மணி ஆள் அனுப்பினார். மனைவியிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "இந்த முறை நீங்களே திரைக்குப் பின்னால நிண்டு பாடுங்கோ" என்றாள். உண்மையைச் சொல்ல அப்போதும் வழியிருந்தது. நானோ அந்தப் பெண்ணுக்குத் தொண்டை நோ என்று சொல்லி அனுப்பினேன்.

சில நாளில் அந்தப் பெண்மணி தொண்டைக்கு இதமான இனிப்புகளோடு எங்கள் வீட்டுக்கே வந்து, மேல்மாடிக்குக் கொடுத்துவிடச் சொன்னார். மனைவி கோப்பி ஊற்றினாள். அவர் அவளைப் பார்த்துச் சிரித்து, டெனிஷில் ஏதோ கேட்டார். மனைவிக்கு அந்த மொழி இன்னும் பிடிபடவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"என்னவாம்?"

"நீயும் பாடுவியோ எண்டு கேக்கிறா."

அவள் கோப்பிச் சாடியைக் கீழே வைக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஓம் என்றால் அன்றைய நாடகம் வெளியே வந்துவிடும்.

"நை" என்றேன், பெண்மணியிடம்.

இல்லை என்பதற்கான அந்தச் சொல் மட்டும் அவளுக்கு விளங்கும்.